ஏஜென்ட் வைத்து விமானம் வாங்கிய கதை: ஐந்துக்கு நான்கு

சிரஸ் எஸ்ஆர்22 என்ற சின்ன விமானத்தில் பழையது ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தபோது, ஏஜென்ட் வைப்பது வீண் செலவு என்றுதான் நினைத்தேன். விளம்பரங்கள் இணையத்தில் கிடக்கின்றன, போன் நம்பரும் இருக்கிறது, பேரம் பேச எனக்குத் தெரியாதா என்ன. ஒரு விமானத்தைப் பார்த்தும் வைத்திருந்தேன்: புதுப் பெயின்ட், தோல் சீட், ஓடிய மணிநேரமும் குறைவு. அட்வான்ஸ் போடப்போகிற நேரத்தில், கூடப் பறக்கும் நண்பர் விடாமல் நச்சரித்ததால்தான் ஒரு ஏஜென்டிடம் போனேன்.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் போடுகிற ப்ரோக்கர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் விற்பவருடைய ஆள். நான் சொல்லும் ஏஜென்ட் வாங்குபவருக்காக மட்டும் வேலை செய்பவர்.

அவர் போட்டோக்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. செய்த வேலையெல்லாம் பதியும் பராமரிப்பு ஏடான லாக்புக் மட்டும் கேட்டார், விமானத்துக்கு, எஞ்சினுக்கு, ப்ரொப்பெல்லருக்கு என்று தனித்தனியாக, முதல் பக்கத்திலிருந்து. இரண்டு நாள் கழித்து போன். "சார், இந்த ப்ரொப்பெல்லரை எதுக்கு மாத்தினாங்க?" புது ப்ரொப்பெல்லர் என்றால் நல்லதுதானே என்றேன். பழையதற்கு ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் காலமே வரவில்லை, அதே மாதத்தில் முன்சக்கரத்தின் மூடியையும் மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆனால் எஞ்சினைத் திறந்ததாக ஒரு வரி கூட இல்லை என்றார். அதாவது ப்ரொப்பெல்லர் தரையில் இடித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் எதிலாவது இடித்தால் அந்த அதிர்ச்சி நேராக எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான க்ராங்க்ஷாஃப்டுக்குப் போகும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் எஞ்சினைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எஞ்சின் தயாரிக்கும் கான்டினென்டல், லைகமிங் இரண்டு நிறுவனங்களுமே சொல்கின்றன. விற்பவரிடம் கேட்டதும் கொஞ்ச நேரம் பதிலில்லை, அப்புறம் "லேசா உரசிச்சு, அவ்வளவுதான்" என்றார். நான் தனியாகப் போயிருந்தால் அந்தப் புது ப்ரொப்பெல்லருக்காகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். அடுத்த மாதமும் அந்த விளம்பரம் இருந்தது, ப்ரொப்பெல்லர் புதிது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இரண்டாவதாகப் பார்த்ததைத்தான் வாங்கினேன். அதன் உரிமையாளர், தன் வழக்கமான மெக்கானிக்கே சோதித்துத் தருவார், செலவு குறையும் என்றார். ஏஜென்ட் ஒப்புக்கொள்ளவில்லை. போன வருடச் சோதனையில் கையெழுத்துப் போட்டவர் தன் வேலையிலேயே குறை கண்டுபிடிப்பாரா என்று கேட்டார், சரிதான். வேறோர் இடத்தில் கொடுத்தோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று அளந்தார்கள், போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளைப் படம் எடுத்தார்கள், ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் ஏஜென்ட் முன்கூட்டியே இரண்டு விஷயம் எழுத வைத்திருந்தார்: பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறை எதுவானாலும் சரிசெய்யும் செலவு விற்பவருடையது, மற்றவை பேரத்துக்கு. சோதனை முடிந்து நான் சம்மதம் சொல்லும் வரை எஸ்க்ரோவில், அதாவது மூன்றாம் நபரிடம் பொறுப்பாக இருக்கும் அட்வான்ஸை முழுதாகத் திரும்பக் கேட்கலாம். இந்த இரண்டு வரிக்கே அவருக்குக் கொடுத்த பணம் சரியாகிவிட்டது என்பேன்.

அப்புறம் விமானத்தின் மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்பது. அமெரிக்காவில் பதிவான விமானம் என்றால் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அந்நாட்டு விமானத் துறை) பதிவகத்தில் தேட வேண்டும். எங்களுடையதில் எப்போதோ அடைத்துவிட்ட கடன் ஒன்று, விடுவிப்புப் பத்திரம் தாக்கல் செய்யாததால் இன்னும் உயிரோடு நின்றுகொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் மீதிப் பணத்தை அனுப்ப ஏஜென்ட் விட்டார். ஜெட் வாங்குபவர்கள் விமானங்கள் மேலுள்ள கடன் உரிமைகளைப் பதிய 2001 கேப் டவுன் உடன்படிக்கை ஏற்படுத்திய சர்வதேசப் பதிவேட்டையும் பார்க்க வேண்டுமாம். பணியாளர்களையும் சேர்த்து எட்டுப் பேராவது போகக்கூடிய விமானங்களுக்குத்தான் அது, என்னுடைய நாலு சீட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை.

சரி, ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன்? எஸ்ஆர்22இல் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி மறுபடி மடித்து வைக்க வேண்டும், ராக்கெட்டுக்கும் ஆயுள் உண்டு, செலவு லேசுப்பட்டதல்ல. என் விமானத்துக்கு அந்தக் கெடு ஒரு வருடத்துக்குள் வரவிருந்தது. பேரத்தில் அதைச் சொல்லியே நல்ல தொகை குறைத்திருக்கலாம். இவர் வாயே திறக்கவில்லை, பின்னால் கேட்டதற்கு "லாக்ல இருந்துச்சே சார்" என்கிறார். லாக் படிக்கத்தானே உமக்குப் பணம் கொடுத்தேன்! இன்ஷூரன்ஸ் விஷயமும் அப்படித்தான். இந்த ரகத்தில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், பயிற்சி முடிக்காமல் காப்பீடு தர மாட்டோம் என்றார்கள், விமானம் ஹாங்கரில் சும்மா நின்றது. முதல் நாளே சொல்லியிருந்தால் பேச்சுவார்த்தை நடக்கும்போதே பயிற்சியை முடித்திருப்பேன்.

கட்டணத்தில் மட்டும் கறாராக இருங்கள். இவருக்கு முன்னால் பேசிய ஒருவர் விலையில் சதவீதம் கேட்டார். விலை ஏறினால் அவருக்கும் ஏறும், பிறகு எனக்காக ஏன் பேரம் பேசப்போகிறார்? விற்பவரிடமும் வாங்குவீர்களா என்று கேட்டதற்கு நேர் பதில் வரவில்லை, பேச்சை மாற்றினார். இவரிடம் நிலையான தொகை, பாதி முன்னால், பாதி வேலை முடிந்ததும், வேறு யாரிடமும் காசு வாங்க மாட்டேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். முதல் விமானம் வேண்டாம் என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அடுத்த விமானத்துக்கும் இவரிடம்தான் போவேன், பாராசூட் தேதியை மட்டும் நானே பார்த்துக்கொள்வேன்.