ஆப், தராசு, லூப்: பழைய அமெரிக்கக் காசுகளோடு நாலு வருஷம்

நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் காபி டப்பா நிறையப் பழைய காசுகள் கிடைத்தன. படம் எடுத்தால் காசின் பெயரும் விலையும் சொல்லும் ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். கூடவே 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற குட்டி லென்ஸும் வாங்கினேன். ஆப்பை எப்போதோ எடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் நாலு வருஷமாக மேஜையை விட்டு நகரவில்லை.

இது மோர்கன் டாலர், இது பஃபலோ நிக்கல் என்று ஆப் சரியாகவே சொல்லும். தடுமாறுவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குட்டி எழுத்தான மிண்ட் மார்க்கில்தான், விலையோ அங்கேதான் இருக்கிறது. என் 1889 மோர்கனுக்கு ஆயிரக்கணக்கில் விலை காட்டியது. அந்த விலை கார்சன் சிட்டியில் அடித்த 'சிசி' காசுக்கு உரியது. அதில் அச்சானவை 3,50,000 மட்டுமே. கழுகுப் பக்கத்தில், மாலை முடிச்சுக்குக் கீழே லூப் வைத்துப் பார்த்தேன். எழுத்தே இல்லை. அப்படியென்றால் பிலடெல்பியா, அந்த வருஷம் அங்கே இரண்டு கோடிக்கு மேல் அடித்திருக்கிறார்கள்.

தராசுக்குக் கொடுத்த காசு முதல் மாதமே வசூலாகிவிட்டது. செம்பு நிறத்தில் ஒரு 1943 பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, இருந்தது. போரில் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருஷம் பென்னியை எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த சில காசுகள் லட்சக்கணக்கான டாலருக்குப் போயிருக்கின்றன. வெண்கலம் என்றால் 3.11 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 2.69. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. எஃகுக்கு யாரோ செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள்.

கிரேடு, அதாவது காசின் தரம், பார்க்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. காசுகளுக்குத் தரச் சான்று தரும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு கிரேடுக்கும் படம் இலவசமாகவே இருக்கிறது. காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மோர்கன் டாலரில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணின் காதுக்கு மேலே முடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பழக வேண்டும். அப்படிப் பார்த்து 70-க்கு 63 என்று முடிவு கட்டிய, சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு 1881 எஸ் டாலரை டீலரிடம் கொண்டுபோனேன். விளக்கடியில் மெல்லச் சாய்த்தார். கன்னத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் மின்னின. "துடைச்சிருக்காங்க சார்" என்றார். அதிலுள்ள வெள்ளியின் விலைக்கு மேல் கொஞ்சம்தான் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து எந்தக் காசையும் நான் துடைப்பதில்லை, தண்ணீர்கூட விடுவதில்லை.

விலைப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் கடையில் நாம் வாங்கும் விலை. டீலர் நமக்குத் தருவது அதைவிடக் குறைவு. அதனால் ஈபேயில் விற்று முடிந்த விலைகளையும் பார்த்துக்கொள்வேன். விற்பவர் கேட்கும் விலையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

போன வாரம் லாண்டரிச் சில்லறையில் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு குவார்ட்டர் (25 சென்ட் காசு) கண்ணில் பட்டது. புதிய குவார்ட்டர்களில் அந்த ஓரத்தில் செம்புக் கோடு தெரியும், எடை 5.67 கிராம். இதை வைத்தேன்: 6.19. திருப்பினால், 1964. வெள்ளிக் குவார்ட்டர்!