பிரிக்பீல்ட்ஸ் மாடி அறை: வேலையிடத்தில் நொந்தவர்களுக்கு நல்ல ஆலோசகர்

அலுவலகத்தில் ஒதுக்கப்பட்டு, தூக்கம் கெட்டுத் தவிக்கும் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தயங்காமல் இந்த அம்மாவிடம் போகலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன அறை. அங்கே வந்து போகிறவர்களின் பாதுகாப்புக்காகப் பெயர் போடவில்லை. வேண்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

நான் கணக்காய்வு வேலையில் இருக்கிறேன். நான் கையை ஆட்டிப் பேசுவதைப் பேன்ட்ரியில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் சந்திப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டபோதுதான் உடைந்துபோனேன். நிறுவனம் ஏற்பாடு செய்த ஆலோசகரோ, “ஒரு கல்யாணம் பண்ணுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்” என்றார். உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த அம்மா என்னை மாற்றப் பார்க்கவே இல்லை. முதலில் தூக்கம், சாப்பாடு பற்றி விசாரித்தார். அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார்: தேதி, நேரம், என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். “ராத்திரி மனசுல ஓடுறதை இதுல இறக்கி வைங்க. நாளைக்கு வக்கீல்கிட்ட போனாலும் உதவும்” என்றார். எழுத எழுத, தப்பு என்னிடம் இல்லை என்பது எனக்கே தெளிவானது.

பொய் நம்பிக்கையும் தரவில்லை. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு 2023 முதல் நடப்பில் இருக்கிறது. பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். ஆனால் பாகுபாடு எது என்று சட்டம் விளக்கவில்லை. தண்டனைச் சட்டத்தில், ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவு வேறு அப்படியே கிடக்கிறது. ஆகவே புகார் கொடுக்குமுன் வக்கீலைப் பாருங்கள், சொந்த வாழ்க்கையை எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

குறை ஒன்று உண்டு. காத்திருக்கும் நாற்காலி, எதிர் டியூஷன் வகுப்பின் வாசலைப் பார்த்தபடி நடைவழியில் கிடக்கிறது. நம் ஜனங்கள் அத்தனை பேரும் நடமாடும் பிரிக்பீல்ட்ஸில் இது சரியில்லை. வாட்ஸ்அப்பில் முன்கூட்டிச் சொன்னால் நேராக உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி (ரிங்கிட்). நிறுவனத்தில் கிளைம் செய்ய வேண்டாம், ரசீது எச்.ஆர். மேசைக்குப் போய்விடும். அவர் பதிவு பெற்ற ஆலோசகர், அதனால் ரசீதை வருமான வரிக் கழிவுக்குப் பத்திரப்படுத்துங்கள்.