சீட்டாட்டப் போட்டிக்காக ஒரு கப்பல் பயணம்: மண்ணடி முகவர் ஒருவரின் சேவை

மண்ணடி தம்புச் செட்டித் தெருவில், சரக்குக் கப்பல் அலுவலகங்களுக்கு நடுவே மாடியில் இயங்கும் ஒரு பயண முகவர் நிலையத்தின் மூலம், பெரம்பூரில் உள்ள எங்கள் மனமகிழ் மன்றத்து உறுப்பினர்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் 3 இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்று வந்தோம். கப்பலின் கேசினோவில் நடக்கும் போக்கர் போட்டியில் ஆடுவதே பயணத்தின் நோக்கம். அந்த முகவருக்குக் கப்பல் தெரிந்த அளவுக்குச் சீட்டு தெரியவில்லை என்பதுதான் இந்தச் சேவையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

கப்பலை அவர் எந்த அளவுக்கு அறிந்து வைத்திருக்கிறார் என்பது அறை ஒதுக்கீட்டிலேயே தெரிந்தது. தள வரைபடத்தை மேசைக் கண்ணாடியின் மேல் விரித்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லிஃப்டை ஒட்டிய அறைகளையும், தலைசுற்றலுக்குப் பயந்தவர்களுக்கு ஆட்டம் குறைவாகத் தெரியும் நடுப்பகுதியின் கீழ்த்தள அறைகளையும் பென்சிலால் குறித்தார். கேசினோவுக்கு நேர் மேலே இருந்த அறைகளை இரவுச் சத்தத்தைக் காரணம் காட்டி அவராகவே அடித்துவிட்டார். பல கப்பல் நிறுவனங்களில் 8 அறைகள், அதாவது 16 பேர் சேர்ந்தால் குழுக் கட்டணம் உண்டு. 16 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓர் இடத்தின் கட்டணமும் கழியும். இதை வெளியில் சொல்லாமல் தானே வைத்துக்கொள்ளும் முகவர்களும் இருக்கிறார்கள். இவர் அந்தத் தொகையை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கழித்ததோடு, இலவச இடமாக இருந்தாலும் துறைமுக வரி கட்டியாக வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுத்தார்.

நம் வீட்டு வாசலிலேயே துறைமுகம் இருக்கும்போது சிங்கப்பூர் வரை எதற்கு என்று மன்றத்தில் சிலர் கேட்டது நியாயமான கேள்விதான். 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. கேசினோ கப்பல் என்று எழுந்த எதிர்ப்பினால், வழியில் அது வந்து நிற்கப் புதுச்சேரி அனுமதி தரவில்லை. எங்களுக்கு ஒத்துவந்த விடுமுறைத் தேதிகளில் சென்னையிலிருந்து கப்பல் கிடைக்காததால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, முதலில் வந்த மதிப்பீட்டில் ‘போட்டிக் கட்டணம் உட்பட’ என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பிரிக்கச் சொன்னோம். அந்நியச் செலாவணி தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகள் லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக்ஸ் முதலானவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தடை செய்கின்றன. இந்த நிலையில் சூதாட்ட மேசைக்கான கட்டணத்தைச் சென்னையில் ரூபாயாக ஒரு முகவரிடம் கட்டுவது வேண்டாத வம்பு. தவிர, பயணம் ரத்தானால் அறைக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது, போட்டிக் கட்டணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. முகவர் மறுப்புச் சொல்லாமல் புதிய மதிப்பீடு கொடுத்தார்.

இனி போட்டிக்கு வருகிறேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் வரை கேசினோ மூடிக் கிடக்கும். கரையை விட்டு உரிய கடல் எல்லையைக் கடந்த பிறகுதான் திறப்பார்கள். ஆகவே சீட்டாடப் போகிறவர்கள் எத்தனை ஊர்களைப் பார்க்கலாம் என்று கணக்குப் போடுவதை விட்டு, கப்பல் இடைவிடாமல் எத்தனை மணி நேரம் கடலில் இருக்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பினாங்கு, போர்ட் கிளாங் இரண்டிலும் நிற்கும் பயணத்தை எங்களுக்குப் பெரிய சலுகை போலச் சொல்லி விற்றார்கள். நாங்கள் வந்த காரியத்துக்கு அதுவே இடைஞ்சலாகிவிட்டது. நேரம் குறைந்ததால் போட்டியை அவசர வடிவத்தில் நடத்தினார்கள். ஆளுக்கு 5,000 சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்), தொடக்கத்தில் பெரிய பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே முறைப்படி ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம், 50. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பு. இந்தக் கணக்கில் அரை மணி நேரம் கழிந்ததும் பெரிய பிளைண்ட் 400 ஆகிவிடும். அதுவரை ஒரு சிப்ஸும் இழக்காதவரிடம்கூட பன்னிரண்டரை பிளைண்டுக்கான சிப்ஸ்தான் இருக்கும். டீலர் கையால் கலைத்துப் போடும் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்கள் என்று வைத்தால், அந்த அரை மணி நேரத்தில் ஒருவர் பார்த்திருப்பது 15 ஆட்டங்கள்தான். எதிராளி எப்படி ஆடுகிறார் என்று புரிவதற்கு முன்பே, ஓரளவு நல்ல சீட்டு வந்தால் இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பேச்சுக்குப் பேச்சு மேற்கோள் காட்டும் எங்கள் மன்றத்துப் பெரியவர்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனதில் வியப்பில்லை.

பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும், தோற்றவர் மறுபடி பணம் கட்டி நுழையலாமா, கட்டணத்தில் கப்பல் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்பவற்றைப் புறப்படும் முன்பே முகவரிடம் கேட்டிருந்தோம். “சார், அதெல்லாம் கப்பல்ல ஏறினதும் அவங்களே சொல்லிடுவாங்க” என்பதுதான் பதில். சீட்டாட்டத்துக்கென்றே குழு சேர்த்துப் பணம் வாங்குகிறவர், போட்டி விதிகளைக் கேசினோ மேலாளரிடமிருந்து எழுத்தில் வாங்கித் தருவதுதான் முறை.

ரம்மி மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல்: இத்தகைய கேசினோக்களில் போக்கர், பிளாக்ஜாக், பக்காரா போன்றவைதான் பெரும்பாலும் நடக்கும், பதிமூன்று சீட்டு ரம்மிக்கு மேசை இருக்காது. எங்களில் சிலர் பொது அறையில் பந்தயமில்லாமல் ரம்மி ஆடினார்கள். பயணத்தில் நிம்மதியாக ஆடியவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு சும்மா கப்பலில் போய்வர விரும்புகிறவர்கள் இந்த முகவரிடம் தயங்காமல் போகலாம். போட்டிக்காகப் போகிறவர்கள், ஒரு முழு நாளாவது கரை தொடாமல் செல்லும் பயணத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து, போட்டி விதிகள் கைக்கு வந்த பிறகு முன்பணம் கட்டட்டும்.