டான்சில் புற்றுநோய்: கத்தியா, கதிரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீடுகளில் டான்சில் புற்றுநோய் என்றதும் "வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். அவ்வளவு எளிதில்லை. ஆரம்ப நிலையில் அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் நோயைக் கட்டுப்படுத்துவதில் ஏறக்குறைய சமம். வித்தியாசம், சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் என்ன அனுபவிக்கிறோம் என்பதில்தான்.

அறுவையை இப்போது பெரும்பாலும் வாய் வழியாகவே, லேசர் அல்லது ரோபோ கருவியால் செய்கிறார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கடும் தொண்டை வலி, ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. கணுவின் உறையைத் தாண்டி நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சும் கீமோவும் பின்தொடரும். முன்கூட்டியே கேட்க வேண்டியது இதைத்தான்: மூன்றையும் அனுபவிப்பதாக இருந்தால் வெட்டுவது எதற்கு?

கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், வழக்கமாக மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய்வர வண்டியும் துணையும் வேண்டும். முகத்துக்கு அளவெடுத்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். சில நிமிடம் அசையக் கூடாது. மூன்றாம் வாரவாக்கில் வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும். டர்பன் காரத்தில் வளர்ந்த நாக்கு மோர்க்கூழுக்கு இறங்கிவிடும். சிலருக்கு அதுவும் குழாய் வழியாகத்தான். சுவை பெரும்பாலும் திரும்பும். உமிழ்நீர் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். காப்பாற்ற முடியாத சொத்தைப் பல்லைத் தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

இந்த இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஓரேட்டர் ஆய்வில், ஓராண்டு கழித்து விழுங்கும் திறன் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சற்றே மேல். ஆனால் பெரிய வித்தியாசமில்லை. சிறிய கட்டி, கணுக்களில் நோய் தெரியவில்லை என்றால், பிறகு கதிர்வீச்சு தேவைப்படாமல் போகலாம் என்பதால், நான் அறுவையைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.