பள்ளிக்கரணைச் சூழல் பூங்கா: வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

சென்னையின் தெற்குப் புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் வனத்துறை அமைத்த சூழல் பூங்கா 2021-இல் திறக்கப்பட்டது. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் ஏறுமுன் சென்று இரண்டு மணி நேரம் நடந்த பின் இதை எழுதுகிறேன். பூங்கா என்ற சொல்லைக் கேட்டு ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் எதிர்பார்த்துக் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் ஏமாறலாம். பறவைகளைப் பார்க்கப் பொறுமையோடு நிற்கத் தெரிந்தவர்களுக்கோ, நகருக்குள் இதைவிட நல்ல இடம் எளிதில் வாய்க்காது.

நடைபாதை நீர்ப்பரப்பையொட்டியே செல்வதால் தொலைநோக்கி இல்லாமலும் நிறையக் காண முடிகிறது. சம்புப் புதரிலிருந்து வெளிவந்த நீலத் தாழைக்கோழிகள், ஆள் நடமாட்டத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல், தண்டுகளைக் காலால் பற்றிக் கடித்துக்கொண்டிருந்தன. முக்குளிப்பான்கள் ஓரிடத்தில் மூழ்கி எதிர்பாராத வேறிடத்தில் எழுந்தன. சற்றுத் தள்ளி, கூழைக்கடாக்கள் ஆழமான நீரில் கூட்டமாக மிதந்தன. பூநாரைகளுக்காகவே செல்பவர்கள் மழை முடிந்து நீர் வடியத் தொடங்கும் வரை காத்திருப்பது நல்லது, ஏனெனில் அவை கால் ஊன்றி நின்று அலகால் சேற்றைத் துழாவி இரை தேடுபவை. எந்தப் பறவை எப்போது வரும் என்பதை இங்கு நீரின் ஆழமே முடிவு செய்கிறது. அந்த ஆழத்தையோ, பூங்காவின் எல்லைக்கு வெகு தொலைவில் நடப்பவை முடிவு செய்கின்றன.

நடைபாதையில் நின்று தலையை நிமிர்த்தினால் தெரிவது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலகக் கட்டடங்களும்தான். பழைய பேச்சில் கழுவெளி எனப்பட்ட இந்நிலம் அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை அதன் குறுக்கே போடப்பட்டது. பெருங்குடிக் குப்பைமேடு அதன் ஒரு பகுதியின் மேலேயே எழுந்தது. அந்தக் குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியைப் பின்னர் மாநகராட்சி மேற்கொண்டது. மிஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. இப்போது வனத்துறையின் கையில் இருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர்.

2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமாக, அதாவது ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ஏற்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்போ 1,247.54 ஹெக்டேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள நிலம்தான் என்னைப் பூங்காவைவிட அதிகமாக யோசிக்க வைக்கிறது. ஈரநிலம் என்று உலக அளவில் ஏற்கப்பட்டும் காப்புக்காட்டின் வேலிக்குள் வராத அந்தப் பகுதியில், புல எண் வாரியாக எது சதுப்பு, எது பட்டா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், அறிவியல் முறையிலான ஆய்வு முடியும் வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. அதனால் வீடு வாங்கியவர்களும் கட்டுநர்களும் தவித்தது உண்மைதான். ஆயினும் எல்லைக் கோட்டை முதலில் வரைந்துவிட்டு அதன் பிறகு கட்டடத்துக்கு அனுமதி வழங்குவதே முறை என்பதால், அந்த உத்தரவை நான் மிகையானதாகக் கருதவில்லை. (பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் என் கையில் திணிக்கப்பட்ட வீட்டுமனை விளம்பரத் தாள் ஒன்றில், 'பறவைகள் வந்து செல்லும் நீர்நிலைக் காட்சி' என்பது வீட்டின் சிறப்புகளுள் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தது.)

பூங்காவின் வேலி தன் வேலையைச் செய்கிறது. குப்பை கொட்டுவதையும் ஓரத்தில் மண்ணடித்து மேடாக்குவதையும் அது தடுக்கிறது, காலை நடைக்கு வருபவர்களின் கண்களும் காவலாக அமைகின்றன. ஆனால் கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பெரும்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் வாய்க்கால்களை வேலியால் காக்க முடியாது. அவை குறுகினால் கோடையில் சதுப்பு காய்ந்துவிடும். மழைக்காலத்தில் அதே நீர் தெருக்களுக்குள் புகும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வீடுகளுக்குள் நின்ற தண்ணீரை நினைத்துப் பார்த்தால், இந்தப் பூங்காவைப் பறவை ஆர்வலர்களுக்கான இடம் என்று மட்டும் எண்ணத் தோன்றாது. நுழைவாயிலில் ராம்சர் எல்லையையும் நீர்வரத்து வழிகளையும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்று கண்ணில் படும்படி நின்றால், வருபவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள வசதி வேறு இருக்காது.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். காற்று குப்பைமேட்டின் பக்கமிருந்து வீசும் நாளில் வாடையையும், வாகன இரைச்சலையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பூங்காவைப் பார்த்து முடித்ததும் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சென்று ஒக்கியம் மடுவுப் பாலத்தின் மேல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவ்வளவு பெரிய பரப்பில் சேரும் நீர் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக, அந்தப் பாலத்தின் அடியில்தான் நுழைந்தாக வேண்டும்.