ஸ்க்ரோல் சா வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளாம்பை

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் பெயர்ப்பலகை, பூஜையறைக் கதவின் துளைவேலை, மரச் சிலுவை செய்கிற பட்டறைகள் பலவற்றில் இன்னும் ஜிக் சாவை, அதாவது கையில் பிடித்து அறுக்கும் மின்வாளை, வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். அதன் பிளேடு திரும்ப முடியாத மூலைகளை உளியும் அரமும் கொண்டு சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஸ்க்ரோல் சா என்பது மேஜையோடு நிற்கும் மிஷின்; மேலும் கீழும் கிளாம்பில் பிடித்த மெல்லிய பிளேடு ஏறி இறங்கும், பலகையை நாம் நகர்த்தி அறுக்க வேண்டும். நுண்வேலைக்கான பிளேடு 1 மி.மீ. அகலத்தை ஒட்டியே இருப்பதால் பலகையை நின்ற இடத்திலேயே சுற்றித் திருப்பலாம். அரம் பிடிக்கும் வேலை பெருமளவு குறையும்.

வாங்கும்போது எல்லோரும் வாட்டையும் த்ரோட் அளவையும்தான் விசாரிக்கிறார்கள். 16 இஞ்ச் த்ரோட் என்றால் பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே 406 மி.மீ. வீட்டுப் பெயர்ப்பலகைக்கு அதுவே தாராளம். 120 வாட் மோட்டாரும் போதும், 6 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். மிஷினின் தரம் தெரிவது பிளேடைப் பிடிக்கும் கிளாம்பில்தான்.

பிளேடு இரண்டு வகை. இரு முனையிலும் குறுக்கே சிறு ஊசி வைத்தது பின் (pin) பிளேடு. வெறும் முனையோடு வருவது பின்லெஸ். இரண்டும் பொதுவாக 5 இஞ்ச் நீளம். பின் பிளேடை மாட்டுவது சுலபம். ஆனால் உள்வெட்டுக்கு, அதாவது பலகையின் நடுவே துளையிட்டு அதற்குள் பிளேடை நுழைத்து அறுப்பதற்கு, அந்த ஊசி நுழையும் அளவுக்கு 5 மி.மீ. துளையாவது போட வேண்டும். 40 மி.மீ. உயரத்தில் எழுதிய ‘ஞ’, ‘ணை’ போன்ற எழுத்துகளின் உட்சுழி அந்தத் துளைக்கே இடம் தராது. இந்தக் கேரள எல்லையில் தமிழும் மலையாளமும் சேர்த்துப் பலகை கேட்பவர்கள் அதிகம். மலையாள எழுத்தில் சுழி இன்னும் கூடுதல். பின்லெஸ் 3-ஆம் நம்பர் பிளேடுக்கு 1.5 மி.மீ. துளை போதும். ஆகவே பின் பிளேடு மட்டுமே ஏற்கும் மிஷின், விலை எவ்வளவு குறைந்தாலும், நுண்வேலைக்கு ஆகாது.

“இரண்டும் போடலாம்” என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. விலை குறைந்த 16 இஞ்ச் மிஷின்கள் பலவற்றில் பின்லெஸ் பிளேடுக்கு ஒரு அடாப்டர் துண்டு கொடுத்து, அதை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) முறுக்கச் சொல்கிறார்கள். ஒரு பலகையில் 40 உள்வெட்டு இருந்தால் மேல்முனையை 40 தடவை கழற்றி மாட்ட வேண்டும். கையால் திருகும் குமிழ் இருந்தால் ஒவ்வொன்றும் சில நொடியில் முடியும். ஆலன் கீ என்றால் பாதி நாள் அதிலேயே போய்விடும். மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். விலகியிருந்தால் பிளேடு முறுக்கிக்கொண்டு நிற்கும், கோடு ஒரு பக்கமாக ஓடும், பிளேடும் சீக்கிரம் ஒடியும்.

ஓடும்போது பிளேடு கிளாம்பிலிருந்து நழுவினால் மிஷினைக் குறை சொல்லுமுன் பிளேடின் முனையைத் துடைத்துப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அதில் இருக்கும். தின்னரால் துடைத்து, 220 நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புக் கொடுத்தால் பெரும்பாலும் நழுவுவது நின்றுவிடும். டென்ஷன் சரியா என்று அறிய பிளேடை விரலால் சுண்ட வேண்டும்: வீணைத் தந்திபோல உயர்ந்த ஓசை வர வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.-க்கு மேல் வளையக் கூடாது.

உயர்ந்த வகையில் டீவால்ட் டிடபிள்யூ788 நல்ல மிஷின். 20 இஞ்ச் த்ரோட், நிமிடத்துக்கு 400 முதல் 1750 வெட்டு, டென்ஷன் லீவரும் ஸ்விட்சும் முன்பக்கத்திலேயே கைக்கு எட்டும், அதிர்வு மிகக் குறைவு. ஆனால் அது 120 வோல்ட் மிஷின். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குபவர்கள் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து வாங்க வேண்டும். 500 விஏ தாராளம். நேராகச் செருகினால் எரிந்துவிடும். புரோக்ஸான் டிஎஸ் 460 நம் வோல்டேஜிலேயே கிடைக்கிறது, த்ரோட் 460 மி.மீ. வேகம் 900, 1400 என இரண்டு மட்டும். மரத்துக்குக் குறையில்லை; அக்ரிலிக் அறுக்க 900-ஐவிட மெதுவாக ஓட்ட முடிந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் வெட்டிய இடம் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

கடையில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால் ஒரு 20 மி.மீ. மரத்துண்டு கொண்டுபோங்கள். ஓரத்தில் சிறிது வெட்டி, துண்டைப் பிளேடின் பின்பக்கம் திருப்பி வையுங்கள். பிளேடு அதே வெட்டுக்குள் வழுக்கி நுழைந்தால் மேஜை நேர் மட்டம். நுழையாவிட்டால் மேஜையைச் சரிசெய்து மறுபடி வெட்டிப் பாருங்கள். எவ்வளவு சரிசெய்தும் நுழையாத மிஷினை விட்டுவிடலாம். முழு வேகத்தில் மேஜைமேல் ஒரு ரூபாய்க் காசை நிறுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஸ்டாண்டில் போல்ட் போடாத மிஷினில் காசு விழத்தான் செய்யும், அதற்குச் சற்று விட்டுக்கொடுக்கலாம்.

பிளேடு தேர்வு மரத்தைப் பொறுத்தது; நம்பர் கூடக் கூட பிளேடு தடிமனாகும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3-ஆம் நம்பர், 12 முதல் 20 மி.மீ. பலா, அயனி, மகாகனிக்கு 5, அதற்கு மேல் 7 அல்லது 9. பிளைவுட்டுக்கு ரிவர்ஸ் டூத் வாங்குங்கள். அடியில் சில பற்கள் மேல்நோக்கி இருப்பதால் அடிப்பக்கம் சிலும்பாது. பிளேடு உச்சியில் நிற்கும்போது அவற்றில் இரண்டு மூன்று மேஜைக்கு மேலே தெரியும்படி மாட்ட வேண்டும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும், அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளினால் வெட்டு உள்ளே வளைந்து, மேலே சரியாகவும் கீழே கோணலாகவும் வரும். ஈட்டி மரம் கருகுகிறது என்றால் மரத்தில் ஒட்டிய வரைபடத்தின் மேல் ஒளிபுகும் பேக்கிங் டேப் ஒட்டி அறுங்கள், சூடு குறையும்.

தூளை ஊதித் தள்ளும் குழாய் பல மிஷின்களில் பெயரளவுக்குத்தான். மீன்தொட்டிக்கான காற்றுப் பம்பை அந்தக் குழாயில் இணைத்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. வார்ப்பிரும்பு மேஜை ஒரே வாரத்தில் துருவேறும். எண்ணெய் தடவினால் மரத்தில் கறை பிடிக்கும். மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் துருவும் பிடிக்காது, பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். பிளேடுகளை நம்பர்வாரியாக மூடியுள்ள குழாய்களில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் வையுங்கள்.