அளக்காமலே அறிக்கையில் ஏறிய அலைவேகம்: மண் பரிசோதனைக்குப் பணம் கொடுக்கும் முன்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 30 மீட்டர் உயரக் குடியிருப்புக்காக வாங்கிய மண் அறிக்கை இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், செய்த வேலையைப் பாருங்கள். இரண்டு போர் (மண்ணைத் துளைத்துப் பார்க்கும் ஆழ்துளை), ஒரு எம்ஏஎஸ்டபிள்யூ சோதனை (தரையை அடித்து, பரவும் மேற்பரப்பு அலைகளை அளப்பது) என்று பில் போட்டு முழுப் பணமும் வாங்கிவிட்டார்கள். குறுக்கலை வேகம், அதாவது மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை ஓடும் வேகம் (மண் இறுகியிருந்தால் கூடும்), 'களத்தில் அளந்தது' என்று அட்டவணை சொன்னது.

அளக்கவே இல்லை. போரில் கிடைத்த என்-மதிப்புகள் (குழாயை மண்ணில் 30 செ.மீ. இறக்கத் தேவைப்படும் சுத்தியல் அடிகள்) மேலிருந்து கீழாக 8, 12, 20, 30. அதே ஆழங்களில் வேகம் நொடிக்கு 186, 212, 248, 282 மீட்டர். என்-மதிப்பின் 0.314 அடுக்கை 97ஆல் பெருக்கிப் பாருங்கள், அப்படியே இந்த எண்கள்தான் வரும். ஜப்பானிய மண் தரவுகளை வைத்து 1982இல் வந்த சூத்திரம் அது. தோராயத்துக்குப் பயன்படுத்துவதில் தப்பில்லை. அளவீடு என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி. நிஜ அளவீடு சூத்திரத்தோடு கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும்.

அடுத்தது ஆழம். எம்ஏஎஸ்டபிள்யூவுக்கு 24 ஜியோபோன் (தரை அதிர்வை உணரும் கருவி), 1 மீட்டர் இடைவெளி, சம்மட்டி அடி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கருவி வரிசையின் மொத்த நீளம் 23 மீட்டர். இதில் நம்பக்கூடிய ஆழம் பத்துப் பதினைந்து மீட்டர்தான். அதற்குக் கீழே போக நீண்ட அலை வேண்டும், சம்மட்டிக்கு அந்தச் சக்தி கிடையாது. வரைபடமோ 30 மீட்டர் வரை இறங்குகிறது, 15க்குக் கீழே 282 என்று ஒரே நேர்கோடு. போரும் 15 மீட்டரோடு நின்றுவிட்டது.

இந்திய நிலநடுக்க வடிவமைப்புத் தரவிதியான ஐஎஸ் 1893 (2016) கேட்பது 30 மீட்டர் வரையிலான திருத்திய என்-மதிப்பின் எடையிட்ட சராசரி. 15க்குக் கீழே என்-மதிப்பு 4, 5 உள்ள களிமண் கிடந்தால் சராசரி 10க்குக் கீழே போகலாம்; போனால், 'நடுத்தர மண்' என்று எழுதிய இடம் மென்மண் ஆகிவிடும். இந்த உயரக் கட்டடத்தின் அலைவுக் காலம் (ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம்) ஒரு நொடியை ஒட்டி வரும். அங்கே நிலநடுக்க விசையைக் கணக்கிடும் கெழு நடுத்தர மண்ணுக்கு 1.36, மென்மண்ணுக்கு 1.67. அப்படியானால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் தேவையைவிட 19 சதவீதம் குறைந்த விசைக்குக் கம்பி போட்டிருப்பார். (இரண்டு மாடி வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு எம்ஏஎஸ்டபிள்யூ செய்ய ஓட வேண்டாம். அலைவுக் காலம் 0.4 நொடி வரை மூன்று வகை மண்ணுக்கும் கெழு 2.5தான்.)

மண் திரவமாதலுக்கு (நீர் நிறைந்த மணல் நிலநடுக்கத்தில் குழம்பாகித் தாங்குதிறன் இழப்பது) ஒரே வரி: 'வாய்ப்பில்லை'. நீர்மட்டம் மே மாதம் எடுத்தது. மழைக்காலத்தில் எங்கே ஏறும் என்று இல்லை. மணலில் நுண்துகள் (வண்டல், களிமண்) சதவீதமும் இல்லை. இரண்டும் இல்லாமல் அந்தக் கணக்கை நம்பும்படி போட முடியாது.

எம்ஏஎஸ்டபிள்யூவின் மூலக் கோப்பு கேட்டதற்கு 'ஹார்ட் டிஸ்க் போய்விட்டது' என்றார்கள்.

வேலை உத்தரவிலேயே எழுதுங்கள்: எம்ஏஎஸ்டபிள்யூவின் செக்-2 (SEG-2) வடிவ மூலக் கோப்புகள், டிஸ்பர்ஷன் படம் (அதிர்வெண்ணுக்கேற்ப அலைவேகம் மாறுவதைக் காட்டுவது), போரில் ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் தனித்தனி அடி எண்ணிக்கை, ஒரு போராவது 30 மீட்டர் அல்லது பாறை வரை. கோப்புகள் கைக்கு வந்து, வேறொருவர் திறந்து பார்க்கும்வரை கடைசித் தவணையை விடாதீர்கள்.